செய்தி டீச்சரும் ஒரு தலையாட்டலும்

செய்தி டீச்சருக்கு அந்தப் பெயரை வைத்தது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். பெற்றவர்கள் வைக்கிற பெயராவது பதிவேட்டில் கிடக்கும். பிள்ளைகள் வைக்கிற பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டுவிடும். பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் வரைக்கும் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள், எல்லாம் முதுகுக்குப் பின்னால். டீச்சருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கோபப்படவில்லை, ஏனென்றால் அது அவராகவே தேடிக்கொண்ட பெயர்.

அதற்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல் அவரும் மற்ற டீச்சர்களைப்போலத்தான் பேசிக்கொண்டிருந்தார். "டேய், குடுவைய இப்படிக் குடு. மூக்க உள்ள விடாத, அது ஒண்ணும் பூ இல்ல" என்கிற மாதிரி. அறிவியல் பாடம். கை எப்போதும் ஏதாவது ஒரு கறையோடு இருக்கும், வாய் ஓயாது. தையல்காரர் மகள் அந்த வகுப்புக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பேச்சு மாறியது.

தையல்காரர் மகளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து காது போய்விட்டது. முழுசாக இல்லை, முக்கால்வாசி. காதுக்குப் பின்னால் ஒரு மிஷின் மாட்டியிருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டால் கண் தெரிகிற மாதிரி, மிஷின் மாட்டினால் காது கேட்டுவிடும் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. அப்படியெல்லாம் இல்லை. அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கிக் கொடுக்கும். ஃபேன் சத்தம், பெஞ்சு இழுக்கிற சத்தம், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம், இத்தனைக்கும் நடுவில் டீச்சரின் குரலையும் ஒரு சத்தமாகக் கொண்டுவந்து கொட்டும். மிச்சத்தை அவள் உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் அத்தோடு பாடமும் திரும்பிக்கொள்ளும்.

ஆனால் அவளுக்குத் தலையாட்டத் தெரியும். சும்மா சொல்லக் கூடாது, நல்ல தலையாட்டல். உதட்டோரம் கொஞ்சம் சிரிப்பு, கண்ணில் ஒரு மரியாதை, நிதானமாக இரண்டு ஆட்டு. எதிரில் இருப்பவருக்குத் தான் சொன்னது ஏதோ பெரிய விஷயம் என்று தோன்றிவிடும். எட்டாம் வகுப்பு வரைக்கும் அந்தத் தலையாட்டலிலேயே வந்துவிட்டாள். "தங்கமான பிள்ளை, ஒரு தொந்தரவு கிடையாது" என்று எல்லா டீச்சரும் சொன்னார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இது அழாத பிள்ளை.

டீச்சர் அதைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். சோதனைக்கூடத்தில் ஒருநாள், "எல்லாரும் அடுப்ப அணைங்க, அணைச்சவங்க கையத் தூக்குங்க" என்றார். எல்லாரும் அணைத்துவிட்டுக் கையைத் தூக்கினார்கள். அவளும் தலையாட்டிவிட்டுக் கையைத் தூக்கினாள். அவள் முன்னால் அடுப்பு எரிந்துகொண்டேயிருந்தது. டீச்சர் போய் அணைத்தார். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து, இத்தனை மாதம் தான் சொன்னதற்கெல்லாம் அவள் ஆட்டிய தலையை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்.

வகுப்பில் கருவிகளை வைத்துக்கொண்டு வித்தை காட்டுகிற ஆள் இல்லை அவர். அதற்காகக் கருவியைக் கண்டு பயப்படுகிறவரும் இல்லை. அவருக்கு ஒரே ஒரு கேள்விதான்: இது இல்லாமல் இந்தப் பாடத்தை நடத்த முடியுமா? முடியும் என்றால் தொட மாட்டார். ஒருமுறை ஜன்னலோரம் விதை போட்டு, தினமும் அதே இடத்தில் நின்று போனில் படம் எடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டிக் காட்டினார். ஒரு செடி தலையைத் திருப்பி வெளிச்சத்தைத் தேடுவதைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அதைச் சாக்பீஸால் காட்ட முடியாது, அதனால் போன். மற்ற நாளெல்லாம் சாக்பீஸ்.

டீச்சரின் கணவர் பேட்டரிக் கடை வைத்திருந்தார். கையெல்லாம் கறை என்பதால் போனைத் தொடாமல், அதனிடம் பேசியே கடிதம் எழுதுகிறவர். அவர் சொல்லச் சொல்ல எழுத்து வந்து விழும். அதைப் பார்த்ததும்தான் டீச்சருக்கு யோசனை வந்தது. மறுநாள் போனைத் தையல்காரர் மகளின் மேசைமேல் சாய்த்து வைத்து, தோளில் ஒரு சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு, "பாருங்கடா, தண்ணி கொதிக்கறப்ப என்னாகும்னா" என்று ஆரம்பித்தார். போன் எழுதியதைப் பார்த்தால், கல்யாணப் பத்திரிகையும் மருந்துச் சீட்டும் கலந்த மாதிரி என்னவோ இருந்தது. அவள் அதையும் படித்துவிட்டு ஒழுங்காகத் தலையாட்டினாள்.

வீட்டில் போனை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் சலித்துப்போய்ப் பாடப்புத்தகத்தை எடுத்து ஒரு பத்தியை வாய்விட்டு வாசித்தார். ஒரு பிழை இல்லாமல் எழுதியது.

"அட உன்ன. அச்சடிச்ச தமிழ்தான் உனக்கு ஏறுமா? வாயால பேசறதெல்லாம் தமிழ் இல்லையா?" என்று போனைத் திட்டினார். அதையும் தப்புத்தப்பாக எழுதியது.

மறுநாள் வகுப்பில் போய் நின்று, "மாணவர்களே, நீரைச் சூடாக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதை இன்று அறிந்துகொள்வோம்" என்றார். வகுப்பு குலுங்கிச் சிரித்தது. டீச்சர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் முழுசாக முடித்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்ததைத் தொடங்கினார். செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று மணி அடிப்பதற்குள் பெயர் வைத்துவிட்டார்கள். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது" என்று அவர் சொன்னால், கணவர் குரலைச் செருமிக்கொண்டு, "இத்துடன் செய்திகள் முடிவடைந்தன" என்பார்.

கேலிதான் முதலில் மாறியது. வகுப்பில் பொடியன் என்று ஒருவன், வால் மட்டும்தான் இல்லை. ஒருநாள் எழுந்து நின்று, நேராக மைக்கைப் பார்த்து, "ஆசிரியர் அவர்களே, நான் நீர் அருந்திவிட்டு வர அனுமதிப்பீர்களா? உள்ளே கொதிநிலை வந்துவிட்டது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தையல்காரர் மகள் எப்போதும் மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துத்தான் சிரிப்பாள். அன்றைக்குப் போன் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எல்லாரும் சிரித்து அடங்கிய பிறகு தனியாக, சத்தமாக. அதற்கப்புறம் யார் எது கேட்டாலும் செய்தித் தமிழில்தான் கேட்டார்கள். அவள் படித்து முடிக்கிறவரை காத்திருக்கவும் பழகிக்கொண்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த வாரமே அவளும் கையைத் தூக்கினாள். "டீச்சர், கொதிக்கற தண்ணில வர்ற குமிழிக்குள்ள என்ன இருக்கு? காத்தா?"

"காற்று இல்லை, நீராவி" என்றார் டீச்சர். நல்ல கேள்வி. வகுப்பில் பாதிப் பேர் காற்று என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இத்தனை வருடமும் இந்த மாதிரிக் கேள்விகளையெல்லாம் இந்தப் பெண் எங்கே வைத்திருந்தாள்? அன்றைக்கு டீச்சர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

அப்புறம் போர்டு வந்தது.

சுவர் அகலத்துக்கு ஒரு தொடுதிரை, வகுப்புக்கு ஒன்று. கரும்பலகையைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டினார்கள். உள்ளே எல்லாப் பாடமும் படமாக, குரலோடு இருந்தது. நல்ல படங்கள், டீச்சரே ஒத்துக்கொண்டார். ஆனால் எந்த வகுப்பில் எவ்வளவு நேரம் அது ஓடுகிறது என்று தலைமையாசிரியர் அறையிலும் அதற்கு மேலேயும் தெரியும். நிறைய ஓட்டிய டீச்சர் பெயர் பச்சை, ஓட்டாத டீச்சர் பெயர் சிவப்பு. எதற்காக ஓட்டினார்கள் என்பதற்கு நிறம் இல்லை. போர்டோடு கூடவே ஒரு விதியும் வந்தது: வகுப்புக்குள் இனிமேல் யாரும் போன் கொண்டுபோகக் கூடாது. எங்கேயோ ஒரு பள்ளியில் யாரோ பிள்ளைகளைப் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்களாம். விதியில் தப்புச் சொல்ல முடியாது. அதுதான் கஷ்டமே.

போர்டு மாட்ட வந்த பையனை எல்லாரும் போர்டு தம்பி என்பார்கள். டீச்சர் அவனைப் பிடித்தார்.

"தம்பி, நான் பேசறது இதுல எழுத்தா வருமா?"

"வரும் மேடம். ஆனா வேற மொழிக்குத்தான் குடுத்திருக்காங்க. நம்ம மொழிக்கு இன்னும் வரல. அடுத்த அப்டேட்ல வரும்னு சொல்றாங்க."

"என் போன்ல இருக்கறத இதுல ஏத்த முடியாதா?"

"லாக் பண்ணித்தான் மேடம் குடுப்பாங்க. என்னாலகூடத் திறக்க முடியாது." அவனுக்கே பாவமாக இருந்தது. "நான் எழுதிப் போடறேன் மேடம்" என்றான். எழுதியும் போட்டான். பதில் வரவில்லை.

தலைமையாசிரியரும் கெட்டவர் இல்லை. "எனக்குப் புரியாமலா டீச்சர்? ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன்" என்றார். டீச்சர் எழுதிக் கொடுத்தார். ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர், "மேல சொல்றதெல்லாம் செவிடன் காதுல ஊதின சங்குதான், விடுங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேலேயிருந்து பதில் வருகிறவரைக்கும் சும்மா இருக்க முடியுமா? பாடத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துப் பார்த்தார். பாடம் போய்ச் சேர்ந்தது. வகுப்பில் நடக்கிற கேள்வி, பதில், கிண்டல் எதுவும் சேரவில்லை. பக்கத்தில் உட்காரும் பெண்ணை எழுதிக் காட்டச் சொன்னார். அவளும் கை வலிக்க எழுதினாள். அவளுடைய அம்மா வந்து, "என் பொண்ணு பாடம் கேக்க வந்தாளா, எழுதிக் குடுக்க வந்தாளா?" என்று கேட்டார். நியாயம்தான். ஒருநாள் போனைப் புத்தகத்துக்குள் மறைத்துக் கொண்டுபோனார். தலைமையாசிரியர் வராந்தாவில் எதிரே வந்தார். புத்தகத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். டீச்சருக்குக் கூசிப்போய்விட்டது. திரும்பிப் போய் ஆசிரியர் அறையில் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

பெயர் சிவப்பாகவே இருந்தால் வேறு வகுப்புக்கு மாற்றிவிடுவோம் என்று ஓலை வந்தது. அவரும் போய்விட்டால் முகத்தை அவள் பக்கம் திருப்பிப் பேசக்கூட அங்கே ஆள் இல்லை. அதனால் டீச்சரும் போர்டை ஓட்ட ஆரம்பித்தார். விளக்கை அணைத்துவிட்டுப் படம் ஓடும். இருட்டில் உதடும் தெரியாது. அந்த நீல வெளிச்சத்தில் தையல்காரர் மகளின் தலை ஆடுவது மட்டும் தெரிந்தது. பழைய தலையாட்டல், திரும்பி வந்துவிட்டது.

தையல்காரர் ஒருநாள் பள்ளிக்கு வந்தார். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது, கழற்ற மறந்திருப்பார்.

"டீச்சர், நடுவுல நல்லாருந்தா. வீட்ல வந்து தண்ணி, குமிழின்னு என்னென்னவோ சொல்லுவா. இப்ப மறுபடியும் ஒண்ணும் பேச மாட்டேங்கறா. புரியாம உக்காந்துட்டு வர்றதுக்கு, எங்கூட உக்காந்து சட்டைக்குக் காஜா எடுத்தா ஒரு தொழிலாவது கையில இருக்கும். இந்தப் பரீட்சை வரைக்கும் பாக்கறேன். அப்புறம் நிறுத்திக்கறேன்."

"அவசரப்படாதீங்க. மேல எழுதியிருக்கு. போன் திரும்பக் கிடைச்சுட்டா பழையபடி ஆயிடுவா" என்றார் டீச்சர். சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை இல்லை.

ஆனால் சங்கு எந்தக் காதிலோ விழத்தான் செய்தது. ஒருநாள் சாயங்காலம் தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பி, "நாளைக்கு அதிகாரி வர்றார். போர்டப் பாக்கறதுக்குத்தான். ஆனா உங்க மனுவையும் கையோட எடுத்துட்டு வர்றாராம். பிள்ளைகிட்டயே நேர்ல கேட்டு, தேவைன்னு பட்டா அங்கேயே கையெழுத்துப் போட்டுருவேன்னு சொன்னார்" என்றார்.

டீச்சர் நடக்கவில்லை, ஓடினார். பள்ளி விடுகிற மணி அடித்துக்கொண்டிருந்தது. வராந்தா முழுக்கப் பிள்ளைகள். கூட்டத்தில் தையல்காரர் மகளின் தோளைப் பிடித்து நிறுத்தி, முகத்துக்கு நேரே நின்று, கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். "நாளை ஓர் அதிகாரி வருகிறார். பாடம் புரிகிறதா என்று உன்னிடம் கேட்பார். பயப்படாதே. புரியவில்லை என்று உண்மையைச் சொல். சொன்னால்தான் போன் திரும்பக் கிடைக்கும்." சுத்தமான செய்தித் தமிழ், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு. போன் மட்டும்தான் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

அவள் டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் சிரித்தாள். நிதானமாக இரண்டு முறை தலையாட்டினாள்.

டீச்சர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

அதிகாரி தன்மையான மனிதர். வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாடத்தைப் பார்த்தார். போர்டில் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம். பிறகு எழுந்து போய்த் தையல்காரர் மகளின் எதிரில் குனிந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகக் கேட்டார்.

"இது என்னம்மா?"

"இதயம் சார்."

"எத்தன அறை இருக்கு?"

அவள் எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, போர்டைப் பார்க்காமலே சொன்னாள். நான்கு அறைகள், அவற்றின் பெயர்கள், எந்த ரத்தம் எங்கேயிருந்து எங்கே போகிறது, நடுவில் உள்ள வால்வுகள். பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தாள்.

"ரொம்ப நல்லது. பாடமெல்லாம் புரியுதா?"

"புரியுது சார். டீச்சர் நல்லா நடத்தறாங்க."

அதிகாரி நிமிர்ந்து தலைமையாசிரியரைப் பார்த்தார். பொடியன் எழுந்தான். "சார், அவளுக்குக் கேக்காது சார். அவ சும்மா..." தலைமையாசிரியர் கையைக் காட்டி அவனை உட்கார வைத்தார்.

"சார், மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கா" என்றார் டீச்சர். "பாடம் கேட்டுப் புரிஞ்சது இல்ல சார். நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. அப்பத் தெரியும்."

அதிகாரி முகம் சுருங்கியது. "என்ன டீச்சர் இது? காது கேக்காத பிள்ளைய எல்லார் முன்னாலயும் நிக்க வெச்சு அப்படிச் சோதிக்கலாமா? நீங்களே சொல்லுங்க. இவ்வளவு நல்லா சொல்றா, தட்டிக் குடுக்கறத விட்டுட்டு."

டீச்சர் அவளைப் பார்த்தார். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல், இவர் முகத்தையும் அவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு, பெருமையாக நின்றுகொண்டிருந்தாள். அந்த முகத்தை வைத்துக்கொண்டு, இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நிரூபித்துக் காட்ட யாருக்கு மனசு வரும்? அதிகாரி சொன்னது சரிதான் என்பதுதான் டீச்சரை அடித்துப் போட்டது. மனுவின் ஓரத்தில், மாணவி பாடத்தை நன்றாகப் பின்தொடர்கிறார், தனி ஏற்பாடு தேவையில்லை என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது அவள் தலையை வாஞ்சையாகத் தடவிவிட்டுப் போனார்.

இடைவேளையில் டீச்சர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். நேற்றைய வராந்தா கண்முன் வந்தது. இருபது வருடமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறவர், ஊரில் யார் அந்தத் தலையாட்டலை நம்பினாலும் நம்பக் கூடாதவர், அவரே நம்பிவிட்டார். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டியிருந்தால் போதும். போன் இருந்தபோது பேசினால் போய்ச் சேர்ந்துகொண்டிருந்ததால், பேசினாலே போதும் என்று நினைத்துவிட்டார். தன்னையே நான்கு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

தையல்காரர் மகள் வந்து மேசையருகே நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், நேத்து நீங்க சொன்னதுலேர்ந்து புஸ்தகமும் கையுமா உக்காந்துட்டேன். சாப்பிடக்கூட எந்திரிக்கலன்னு அப்பா திட்டினார்." ஏற்ற இறக்கம் இல்லாத அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "அதிகாரி வந்து கேப்பாருன்னு சொன்னீங்கல்ல. எனக்குப் புரியலன்னா உங்களத்தான் திட்டுவாங்கன்னு பயந்துட்டேன். உங்கள ஒண்ணும் சொல்லலையே?"

டீச்சர் பேனாவை எடுத்தார். தாளையும் இழுத்துக்கொண்டார். எழுதிவிடலாம். ஒரே வரிதான், எழுதினால் அவளுக்கு எல்லாம் புரிந்துவிடும். போன் இனிமேல் வராது என்பதும், அதைத் தடுத்தது யார் என்பதும் சேர்ந்தே புரிந்துவிடும். பேனா தாள்மேல் நின்றது.

"நான் நல்லா சொன்னேனா டீச்சர்?"

டீச்சர் பேனாவை மூடினார். நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, செய்தித் தமிழெல்லாம் மறந்துபோய், "நல்லா சொன்னடி, கண்ணு" என்றார்.

அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை தலையாட்டவில்லை. "தேங்க்ஸ் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு, எந்தத் திரையும் இல்லாமல், டீச்சர் சொன்னது முழுசாக அவளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.